அஸ்தம்பட்டிப் பக்கம் பெயர் வைக்காத காபித்தூள் கடை: தூள் அருமை, யோசனை சொல்லப் போகாதீர்கள்

முதலில் தூளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கடையைப் பற்றி என்னிடம் பேசியவர்களில் பாதிப் பேர் தூளைக் கடைசியில்தான் சொன்னார்கள், மீதிப் பேர் சொல்லவே இல்லை. "சி.ஏ. படிச்சவருங்க, எல்லாத்தையும் விட்டுட்டு காபித்தூள் கடை போட்டிருக்காரு" என்றுதான் எடுத்த எடுப்பில் ஆரம்பிக்கிறார்கள். சரிங்க, தூள் எப்படி என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கும்போல" என்று இழுக்கிறார்கள். வாங்கிக் குடித்த மாதிரியே தெரியவில்லை.

நான் வாங்கிக் குடிக்கிறவன். சொல்கிறேன்.

வாடிக்கையாக எடுப்பது பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்கிற இரண்டு வகைக் கொட்டையும் சரிபாதி, அதோடு நூற்றுக்குப் பதினைந்து பங்கு சிக்கரி. டிகாக்‌ஷன் கன்னங்கரேல் என்று இறங்காது, அடர்ந்த செம்பழுப்பாகத்தான் இறங்கும். அதைப் பார்த்து முதலில் எங்கள் வீட்டில் "தண்ணியா இருக்கே" என்றார்கள். பால் ஊற்றிக் குடித்த பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. கசப்பு இருக்கிறது, ஆனால் தொண்டையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கசப்பு இல்லை. குடித்து முடித்து டம்ளரைக் கழுவப் போடுகிற வரை வாயில் லேசாக ஒரு புளிப்பும் அதன் பின்னால் ஒரு இனிப்பும் நிற்கிறது. சர்க்கரையில் அரை ஸ்பூன் தானாகவே குறைந்துவிட்டது, இதற்காக டாக்டர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் டிகாக்‌ஷனை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சிக்கரி குறைவு என்பதால் அது வெறும் கலர் தண்ணீர்தான்.

விலை கிலோ 1,000 ரூபாயை ஒட்டி வருகிறது. சிக்கரியே இல்லாத சுத்தத் தூள் என்றால் இன்னும் நூறு, நூற்றைம்பது கூட. மலிவு இல்லை. 2024-லும் 2025 தொடக்கத்திலும் பிரேசில், வியட்நாமில் வறட்சி என்று உலகச் சந்தையில் கொட்டை விலை இதுவரை இல்லாத அளவுக்கு ஏறியதே, அப்போது எல்லாக் கடையிலும் ஏற்றினார்கள், இவரும் ஏற்றினார். ஏற்றிய அன்றைக்குப் பச்சைக்கொட்டை வாங்கிய விலை, வறுக்கும்போது குறைகிற எடை, கேஸ், கரண்ட், கவர் என்று ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டார். காஸ்ட் ஷீட்! விலை ஏறியதற்குச் சண்டை போட வந்த ஒரு பெரியவர் அதை முழுக்கப் படித்துவிட்டு, "கரண்ட்டுக்கு இவ்வளவு போட்டிருக்கியேப்பா, கம்மியா இல்ல வரும்" என்று கேட்டதை நானே பார்த்தேன். அதற்கும் மீட்டர் ரீடிங் எடுத்துக் காட்டினார்.

கடை இருப்பது சேலத்தில், ஏற்காடு ரோட்டில் அஸ்தம்பட்டியைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சந்தில். வீட்டு முன்அறையையே கடையாக்கியிருக்கிறார். பலகையில் "காபிக் கொட்டை வறுத்து அரைத்துத் தரப்படும்" என்று மட்டும் எழுதி, கீழே உணவுப் பாதுகாப்பு உரிம எண். கடைக்குப் பெயர் கிடையாது. சேலத்துக்காரர்கள் அந்தப் பக்கம் போய் வறுக்கிற வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் போதும், காலையில் ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை சந்து முழுக்க அடிக்கும். வண்டி நிறுத்த இடம் கிடையாது. காரில் போகிறவர்கள் மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போவது உத்தமம், எதிர்வீட்டுக்காரர் அவ்வளவு நல்ல மனுஷர் இல்லை.

உள்ளே ஐந்து கிலோ பிடிக்கிற ஒரு டிரம் ரோஸ்டர், கேஸில் ஓடுவது. ஒரு கிரைண்டர். ஒரு மேஜை. கொட்டையில் ஈரம் பார்க்கிற சின்ன மீட்டர். பச்சைக்கொட்டையில் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருக்க வேண்டும், அதற்கு மேல் இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். பெரும்பாலும் ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து நேராக வாங்குவதுதான். சில்வர் ஓக் மரமும் அதில் படர்ந்த மிளகுக் கொடியுமாக நிழல் கட்டி வளர்க்கிற அராபிகா வகைக் காபி. ரொபஸ்டா வகை மட்டும் கர்நாடகத்திலிருந்து வருகிறது.

வறுக்கும்போது பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள், பதில் வராது. டிரம்முக்குள் கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். இருநூறு டிகிரியை நெருங்கும்போது பட் பட் என்று ஒன்றிரண்டு, அப்புறம் சடசடவென்று ஒரு கூட்டம், அப்புறம் ஓய்ந்துவிடும். அது ஓய்ந்து எத்தனை நொடி விடுகிறார் என்பதில்தான் அவர் கைவரிசை இருக்கிறது. கொட்டையைத் தட்டில் கொட்டி ஆறவிட்டு, தோலை ஊதித் தள்ளி, எடை போட்டு ஒரு நீளமான நோட்டில் எழுதுகிறார். உள்ளே போனது ஐந்து கிலோ, வெளியே வந்தது நாலு கிலோ இருநூற்றுச் சொச்சம். பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக். ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் சரிபார்த்தவர்களுக்கு அந்த டிக் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலே தெரியும். நான் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறவன், வருடா வருடம் அந்த மாதிரி டிக் போட வருகிற பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவன், எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பில்லும் அப்படித்தான். கால் கிலோ வாங்கினாலும் 0901 என்று ஹெச்.எஸ்.என். எண் (வரிக்காகச் சரக்கு வகையைக் குறிக்கிற எண்) போட்டு, ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யை இரண்டாகப் பிரித்துப் போட்டு, சிக்கரி எத்தனை சதவீதம் என்று கவரிலும் எழுதித் தருகிறார்.

சிக்கரி எழுதித் தருவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் சட்டப்படி போதும், மீதி முழுக்கச் சிக்கரியாக இருக்கலாம். எத்தனைக்கு எத்தனை என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும், போடுகிறார்கள், பொடி எழுத்தில். வீட்டில் இருக்கிற பாக்கெட்டை இப்போதே திருப்பிப் பாருங்கள். நான் சிக்கரிக்கு எதிரி இல்லை, அது இல்லாமல் கும்பகோணம் டிகிரி காபியின் கலரும் கெட்டித்தன்மையும் வராது. ஆனால் பாதிக்குப் பாதி சிக்கரி வேரை வறுத்துப் போட்டுவிட்டுக் காபி விலை வாங்குவது வேறு விஷயம்.

இன்னொரு விஷயம், இவர் வறுத்த அன்றைக்கே தூள் தரமாட்டார். கொட்டையிலிருந்து வாயு வெளியேற இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் அரைத்தால் டிகாக்‌ஷன் நுரைத்துக்கொண்டு சரியாக இறங்காது என்கிறார். சூடாக அரைத்த தூளை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிற சுகத்துக்குப் பழகின ஊர் இது. "நாளன்னிக்கு வாங்க" என்று சொன்னவுடன் திரும்பிப் போகிறவர்கள் நிறைய. போகட்டும் என்று விட்டுவிடுகிறார். எனக்கே இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியதுண்டு, அவசரத்துக்கு ஒரு நாள் முந்திய கொட்டையில் அரைத்துக் கொடுத்தால் உலகம் கவிழ்ந்துவிடாது.

சரி, இப்போது அந்தச் சி.ஏ. கதை. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க, ஆனா பரிதாபமா எழுதாதீங்க, வீரமாவும் எழுதாதீங்க" என்றார். முயற்சி செய்கிறேன்.

பி.காம். சேர்ந்த வருடமே சி.ஏ.வுக்கும் பதிவு செய்தவர். நுழைவுத் தேர்வு, நடுக்கட்டத் தேர்வு எல்லாம் பெரிய தடங்கல் இல்லாமல் முடிந்து, சேலத்திலேயே ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருடம் ஆர்டிகிள்ஷிப் என்கிற கட்டாயப் பயிற்சி. (இப்போது அதை இரண்டு வருடமாக்கிவிட்டார்கள்.) ஃபைனலில் அப்போது எட்டு பேப்பர், நாலு நாலாக இரண்டு குரூப். முதல் குரூப்பைத் தாண்டிவிட்டார். இரண்டாவதுதான். ஒவ்வொரு பேப்பரிலும் நாற்பது வாங்க வேண்டும், அது போதாது, குரூப் மொத்தத்தில் ஐம்பது சதவீதம், அதாவது நானூறுக்கு இருநூறு வர வேண்டும். ஒரு தடவை நாலு பேப்பரிலும் நாற்பதுக்கு மேல் வாங்கி மொத்தம் 196. நாலு மார்க். அந்த நாலு மார்க்கைப் பற்றி இன்றைக்கும் அவரிடம் பேசினால் எந்தக் கேள்வியில் எந்த ஸ்டெப்பை விட்டார் என்று சொல்கிறார்.

இந்தப் படிப்பின் விசேஷம் என்னவென்றால், ஓரத்தில் நிற்பதற்கு இடமே கிடையாது. ஃபைனல் முடித்து உறுப்பினராகப் பதிவு செய்துகொண்டால் பெயருக்கு முன்னால் சி.ஏ. போட்டுக்கொள்ளலாம், கம்பெனி ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடலாம். 1949-இல் வந்த சட்டம் அப்படி. முடிக்கவில்லை என்றால், கையெழுத்துப் போடுகிறவருக்கு எல்லா வேலையையும் செய்து கொடுக்கலாம், அவ்வளவுதான். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இவர்களை செமி குவாலிஃபைட் என்பார்கள். ஆறு ஏழு வருடம் படித்து, கம்பெனிச் சட்டத்தையும் வருமானவரிச் சட்டத்தையும் பிரிவு எண்ணோடு ஒப்பிக்கிற ஒருவருக்கு ஊர் தருகிற பட்டம் அது.

இவர் 2019-இல் விட்டார். விட்டதற்கு ஏதாவது பெரிய தருணம், ஞானோதயம் மாதிரி இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்களாம். "அடுத்த அட்டெம்ப்டுக்கு ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி போயிருச்சு, நான் கட்டல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் மறக்கலன்னு" என்றார். அந்த நேரத்தில் ஏற்காட்டில் ஒரு தோட்டத்துக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கப் போய் வந்துகொண்டிருந்தார். கணக்கு முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தார். முதலில் கொட்டை தரம் பிரிக்கிற இடத்தில் நின்று வேடிக்கை, பிறகு பெங்களூரில் காபி போர்டு நடத்துகிற காபி சாஸ்திரா பயிற்சி, பிறகு பழைய ரோஸ்டர் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்தது.

அம்மாவுக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்ததாம். எனக்கு இது நன்றாகப் புரிந்தது. நம் ஊரில் "பையன் சி.ஏ. பண்ணிட்டிருக்கான்" என்பதே ஒரு உத்தியோகம். பத்து வருடம் பண்ணிக்கொண்டிருந்தாலும் கல்யாண வீட்டில் தலை நிமிர்ந்து சொல்லலாம், சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள், "சி.ஏ. ரொம்பக் கஷ்டமாச்சே" என்று மரியாதையாகத்தான் பேசுவார்கள். பரீட்சையில் போனது அசிங்கம் இல்லை. எழுதுவதை நிறுத்துவதுதான் அசிங்கம். நிறுத்திய அன்றைக்கு அந்த அம்மா இழந்தது ஒரு பட்டதாரி மகனை இல்லை, கல்யாண வீட்டில் சொல்ல இருந்த ஒரு வாக்கியத்தை. அதற்குப் பதிலாக "கடை வெச்சிருக்கான்" என்று சொல்ல அவருக்கு இரண்டு வருடம் ஆயிற்று என்று மகனே சிரித்துக்கொண்டு சொல்கிறார். இப்போது கல்லாவில் உட்காருவதே அந்த அம்மாதான். சில்லறையில் ஒரு ரூபாய் விட மாட்டார்.

நம் கடைக்காரர் வேலை பார்த்த ஆடிட்டரும் இங்கேதான் தூள் வாங்குகிறார். மாதம் அரை கிலோ. நல்ல மனிதர், வேண்டுமென்றே சொல்கிறவர் இல்லை, ஆனால் கூட யாராவது வந்தால், "நம்ம ஸ்டூடண்ட்டு, ஃபைனல்ல ஒரு குரூப் முடிச்சவன், இன்னொண்ணு நாலு மார்க்ல போச்சு" என்று அறிமுகம் செய்துவைப்பார். தூளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. இவர் "ஆமா சார்" என்று சொல்லிக்கொண்டே கவரை ஒட்டிக் கொடுப்பார். ஒரு நாள் நான் நின்றிருந்தபோது ஆடிட்டர் போன பிறகு, "அவருக்கு காபி புடிச்சிருக்கான்னு இன்னும் எனக்குத் தெரியாது சார்" என்றார்.

இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டாரே, இனி நிம்மதிதானே என்று நினைத்தால், அங்கேதான் நம் ஆட்களின் திறமை இருக்கிறது. விட்டுவந்த இடத்தில் கொடுத்த அதே நெருக்கடியைப் புதிய இடத்துக்குப் பார்சல் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். கியூ கிரேடர் என்று ஒரு தகுதி இருக்கிறது, காபியை ருசித்து மார்க் போடுகிறவர்களுக்கு உலக அளவில் தருவது. 2025-இல் முறை மாறும் வரை, 36 சின்னக் குப்பிகளில் அடைத்த வாசனைகளை முகர்ந்து எது எது என்று சொல்வது, புளிப்பு உப்பு இனிப்பு கலந்த கரைசல்களைப் பிரித்துச் சொல்வது என்று வரிசையாகத் தேர்வுகள் இருந்தன. பாஸ் ஆனாலும் முடிந்துவிடவில்லை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாக்கைத் திரும்பவும் சோதித்துக் காட்ட வேண்டியிருந்தது. கடைக்கு வருகிற ஐ.டி. நண்பர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு வந்து, "நீங்க கியூ கிரேடர் பண்ணிடுங்க பிரதர், அப்பதான் ஒரு ரெகக்னிஷன்" என்று விடாமல் சொல்கிறார்கள். "அதுக்கு எத்தனை அட்டெம்ப்ட் பிரதர்?" என்று இவர் கேட்டாராம். காபி போர்டு பயிற்சிக்குக் கொடுத்த சான்றிதழையாவது மாட்டக் கூடாதா என்று நானும் கேட்டேன். ஈரம் பார்க்கிற மீட்டரின் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருக்கிறார். மீட்டர் ஆடாமல் இருக்குமாம்.

அப்புறம் கடைக்குப் பெயர். இதுதான் பெரிய வேடிக்கை. பி.டெக். டீக்கடை, எம்.பி.ஏ. சாயா என்று படித்த படிப்பைப் பலகையில் ஏற்றுகிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறதே, அது மாதிரி இவருக்கும் ஆளுக்கொரு பெயர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆடிட்டர் காபி, டேலி காபி, பேலன்ஸ் ஷீட் காபி. பேலன்ஸ் ஷீட் காபி என்று நான் பார்த்தால் உள்ளே நுழைய மாட்டேன், எனக்குக் கணக்கு முடிக்கிற மார்ச் மாதம் ஞாபகம் வந்துவிடும். ஒரு வீடியோ சேனல்காரர்களும் வந்தார்கள். ஒரு கையில் தடித்தடியான சி.ஏ. புத்தகங்கள், இன்னொரு கையில் டவரா டம்ளர், அப்படி நிற்கச் சொன்னார்களாம். புத்தகத்தையெல்லாம் ஜூனியர் பையனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றிருக்கிறார். "பரவாயில்ல, நாங்க வாங்கிட்டு வர்றோம்" என்று அவர்கள் கிளம்பியபோது, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். எடுத்திருந்தால் கூட்டம் வந்திருக்கும், நான் தூளுக்கு வரிசையில் நின்றிருப்பேன், அந்த வகையில் எனக்கு லாபம்.

சேலத்துக்காரர்கள் இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், 1820-களில் சேலத்துக்குக் கலெக்டராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன். இன்றைக்கு அவர் பெயரைச் சொல்கிறவர்கள் யாரும் அவர் வசூலித்த வரியைச் சொல்வதில்லை, போட்ட உத்தரவைச் சொல்வதில்லை. ஏற்காட்டுக்குக் காபிச் செடி கொண்டுவந்தவர் என்றுதான் சொல்கிறார்கள். கலெக்டர் பதவியை விட்டுவிட்டுத் தோட்டம் போட்டவர் இல்லைதான், பதவியில் இருந்துகொண்டே செய்தவர், அதனால் நம் கடைக்காரருக்கு இது பொருந்தாது. ஆனாலும் அவரிடம் சொன்னேன். "அவருக்கு சம்பளம் கம்பெனி குடுத்துச்சு சார்" என்றார். உண்மை.

சம்பளம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாராவது வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். கடை இருப்பது அப்பா கட்டிய வீடு, வாடகை கிடையாது. வாடகை கொடுத்தால் இந்த வியாபாரம் நிற்காது என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். மாதக் கடைசியில் கையில் நிற்பது, ஒரு கம்பெனியில் செமி குவாலிஃபைட் ஆளாகச் சேர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் சம்பளம்தான், சில மாதம் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, செவ்வாய்தான். இதையெல்லாம் சேனல்காரர்கள் கேட்கவே இல்லையாம்.

என் அக்கா மகள் ஃபைனல் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளை ஒரு நாள் தூள் வாங்கக் கூட்டிக்கொண்டு போனேன். நான் எதையும் சொல்லிக் கூட்டிப் போகவில்லை, அவளாகவே அந்தப் பச்சை டிக்கைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் என்னைக் கழற்றிவிட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். எந்த ஆபீஸ், எந்த சார் கிளாஸ், டைரக்ட் டாக்ஸில் என்ன மாறியிருக்கிறது, இப்போது குரூப்புக்கு மூன்று பேப்பர்தானாமே என்று போய்க்கொண்டே இருந்தது. 2025-லிருந்து ஃபைனலும் வருடத்துக்கு மூன்று தடவை நடக்கிறது, ஜனவரி, மே, செப்டம்பர். அது வசதிதானே என்று நான் நடுவில் ஒரு வார்த்தை சொன்னேன். "எங்க காலத்துல ரிசல்ட் வந்து அழுது முடிக்க டைம் இருந்துச்சு சார், இப்ப கண்ணைத் தொடைக்கறதுக்குள்ள அடுத்த ஃபார்ம் வந்துருது" என்றார். அவள் சிரித்த சிரிப்பை அவ்வளவு சத்தமாக நான் கொஞ்ச நாளாகக் கேட்டதில்லை.

அவள் கேட்டாள்: "நீங்க திரும்ப எழுதணும்னு நெனைக்கறதே இல்லையாண்ணா?"

"ரிசல்ட் வர்ற அன்னிக்கு மட்டும் நெனைப்பேன்மா. வெப்சைட்ல போய் என் பழைய ரோல் நம்பர் அடிச்சுப் பார்க்கலாமான்னு இருக்கும். அன்னிக்கு ரோஸ்ட் போடமாட்டேன், கருகிடும்."

விட்டுவிடு என்று அவளுக்குச் சொல்லவில்லை, எழுது என்றும் சொல்லவில்லை. எந்தப் பேப்பரில் எக்ஸம்ஷன் (அதை அடுத்த தடவை எழுத வேண்டாம் என்கிற விலக்கு) கிடைக்கிற மாதிரி இருக்கிறதோ அதில் அறுபதைத் தாண்டப் பார், ஒரு கவலை குறையும் என்று மட்டும் சொன்னார். அவள் அடுத்த அட்டெம்ப்டுக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறாள். ராத்திரி கண்விழித்துப் படிக்க ரொபஸ்டா கலந்த தூள் வேண்டும் என்று கேட்டதற்கு, அராபிகாவை விட அதில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒன்பது மணிக்கு மேல் குடிக்காதே என்று கவரிலேயே எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தக் கவரை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

ஆனால் அந்த ரொபஸ்டா கலவையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்தக் கடையில் சுமாரான சரக்கு அது ஒன்றுதான். பிளாண்டேஷனுக்குக் காட்டுகிற பொறுமையை ரொபஸ்டாவுக்குக் காட்டுவதில்லை என்பது என் சந்தேகம். மழைக்காலத்தில் வாங்கியதில் கருகல் வாடை தூக்கலாக இருந்தது, பாலை எவ்வளவு ஊற்றினாலும் அடங்கவில்லை. சொன்னேன். நோட்டைப் பிரித்து அந்தத் தேதி ரோஸ்ட்டைத் தேடி எடுத்து, முப்பது நொடி கூடப் போயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிரெடிட் நோட்டும் கொடுத்தார். கால் கிலோ காபித்தூளுக்குக் கிரெடிட் நோட்! அது இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

சிக்கரி இல்லாத சுத்த பீபெரி எல்லோருக்கும் ஒத்துவராது. பீபெரி என்பது ஒரு பழத்தில் இரண்டு கொட்டைக்குப் பதிலாக உருண்டையாக ஒன்றே ஒன்று விளைவது, பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே அதற்கு ஒரு மவுசு. பால் குறைவாகக் குடிக்கிறவர்களுக்குச் சரி. பாக்கெட் பாலைத் தாராளமாக ஊற்றிக் குடிக்கிற வீட்டில் அந்த மென்மை முழுக்க மூழ்கிப்போகும், காசு தண்டம். இன்னொன்று, சிக்கரி இல்லாத தூளில் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிடும். அதனால் இன்னும் கொஞ்சம் நைசாக அரைக்கச் சொல்லுங்கள், கேட்டால் செய்து தருவார், கேட்காவிட்டால் எல்லோருக்கும் ஒரே அரைப்புத்தான். ஃபில்டரில் தூளைப் போட்டு அமுக்கித் தட்டாதீர்கள், மேலே அந்தக் குடைத் தட்டை வைத்துவிட்டு, கொதி அடங்கிய தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி விட்டுவிடுங்கள்.

கடையில் குடிக்கக் காபி கிடைக்காது. கேட்டு ஏமாறுகிறவர்கள் தினம் உண்டு. கூரியர் கிடையாது. காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு. யு.பி.ஐ. உண்டு. மாதக் கணக்கு எழுதிக்கொண்டு ஒன்றாம் தேதி கொடுக்கட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன், இத்தனை நாள் பழக்கத்தில் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். "வேண்டாம் சார், சண்ட்ரி டெட்டார்ஸ்னு பாக்கி வெச்சவங்க லிஸ்ட்டை டேலி பண்ணிப் பண்ணியே பாதி வயசு போயிருச்சு" என்று சொல்லிவிட்டு, க்யூ.ஆர். அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தார்.